நெய்வேலி தற்செயல்தானே? பிறகு ஏன் இத்தனை துளைகள்?

ஜூன் 4, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "நெய்வேலியில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது பழுப்பு நிலக்கரி தற்செயலாகக் கிடைத்தது. இன்று செயற்கைக்கோளே பூமிக்கடியில் இருப்பதைக் காட்டிவிடுகிறது. அப்படியிருக்க, நிலக்கரிக்கும் செம்புக்கும் நூற்றுக்கணக்கில் துளை போட்டு ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள்?"

பாதி சரி, பாதி தவறு. 1934இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பாசனத்துக்காகத் துளை போட்டார்கள். பொங்கி வந்த தண்ணீரோடு கருத்த துகள்களும் வந்தன. இதுவரை தற்செயல். அந்தத் துகளைக் கழிவு என்று தள்ளிவிடாமல் அரசுக்குத் தெரிவித்தாரே, அது தற்செயல் இல்லை. அதன்பின் 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டது. 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு தொடர்ந்தது, எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் வந்து சேர்ந்தார். 1956இல் நிறுவனம் உருவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில்தான் கரி வெளிச்சத்தைப் பார்த்தது.

1934க்கும் 1961க்கும் இடையில் 27 ஆண்டுகள். கண்டுபிடிப்பு அந்த 27 ஆண்டுகளில் நடந்தது. முதல் நாள் கிடைத்தது ஒரு துப்பு மட்டுமே.

ஜூன் 4, இரவு

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். துளை எதற்கு என்ற கேள்வியை நான் தொடவே இல்லை.

நிலக்கரி இருக்கிறதா என்பது சின்னக் கேள்வி. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு கனம், நடுவில் எத்தனை களிமண் பட்டைகள், எரித்தால் எவ்வளவு சாம்பல், எங்கே மெலிந்து மறைகிறது, அதன் மேலே என்ன, கீழே என்ன என்பவைதான் பெரிய கேள்விகள். நெய்வேலியில் மிகக் கடுமையான கேள்வி கரிக்குக் கீழே இருந்தது. அங்கே அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. முதலியாரின் நிலத்தில் தண்ணீர் தானாகப் பொங்கியதும் அந்த அழுத்தத்தால்தான். மேலிருக்கும் மண்ணை அகற்றினால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் கீழேயுள்ள நீர் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு எழும். எனவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் தோண்ட முடிந்தது. இறைப்பது இன்றும் நிற்கவில்லை. அந்த நீரின் அழுத்தத்தை அளந்து சொன்னவை துளைகள். அளக்காமல் இறங்கியிருந்தால் சுரங்கம் ஏரியாகியிருக்கும்.

ஜூன் 6

"நீங்கள் துளையிடும் இடத்தில் வேலை பார்த்தவரா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆம். தாமோதர் பள்ளத்தாக்கில் சில ஆண்டுகள் நிலக்கரி, பிறகு ராஜஸ்தானில் செம்பு. துளையிலிருந்து வரும் உருளைப் பாறையைப் படித்துப் பதிவு செய்வதுதான் என் வேலை. அதை எல்லோரும் கோர் என்றுதான் சொல்வோம். மூன்று மீட்டர் குழாயை இறக்கி, சுழற்றி, மேலே இழுத்து, உள்ளே இருக்கும் பாறையைத் தட்டி எடுத்து, பள்ளம் பள்ளமாகத் தடுத்த பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மரக்கட்டையில் ஆழத்தை எழுதி இடையில் வைப்பார்கள்.

மூன்று மீட்டர் துளைத்தால் மூன்று மீட்டர் கோர் வர வேண்டும். வராது. நிலக்கரி பொரியைப் போல நொறுங்கும். அரைபட்டுத் தண்ணீரோடு போய்விடும். நமக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் நாம் தேடி வந்த கரியேதான். மணற்கல் முழுதாக வந்து பெட்டியில் படுத்திருக்கும். கரி இருந்த இடம் காலியாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஓர் இழுப்பில் 3.00 மீட்டருக்கு 1.10 மீட்டர்தான் வந்தது. கரி அவ்வளவுதான், மீதி நொறுங்கிய களிப்பாறையாக இருக்கும் என்று எழுதிவிட்டேன். துளை மிஸ்திரி என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் அருகில் வந்து, "ஐயா, முக்கால் மணி நேரம் தண்ணீர் கறுப்பாகவே வந்தது. கம்பியும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அது களிப்பாறை இல்லை" என்றார். நான் மாற்றவில்லை. கையில் இல்லாததை எப்படி எழுதுவது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத் துளைக்குள் கருவி இறக்கி அடர்த்தி அளந்தார்கள். பாறைகளுக்கு நடுவே கரி மிக லேசானது. அடர்த்திக் கோடு சடாரென்று சரிந்து, 2.60 மீட்டர் நீளத்துக்குக் கீழேயே ஓடியது. மிஸ்திரி சொன்னது சரி.

(குறிப்பேடு பரணில் எங்கோ இருக்கிறது. அளவுகளை நினைவிலிருந்து எழுதுகிறேன்.)

அன்றிலிருந்து பெட்டியைத் திறந்தால் முதலில் காலி இடத்தைத்தான் பார்ப்பேன். எங்கே காலி, எவ்வளவு காலி, அப்போது திரும்பி வந்த தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்த பிறகுதான் கையில் பாறையை எடுப்பேன்.

ஜூன் 7

ஒரு திருத்தம். "அடர்த்தி அளந்தால் போதும், கோர் எதற்கு?" என்று ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார். கருவி கனத்தைச் சொல்லும், சாம்பலை ஓரளவு ஊகிக்கும். ஆனால் அந்தக் கரி எஃகு ஆலைக்கு வேண்டிய, காற்றில்லாமல் சுட்டெடுக்கும் கோக் ஆகுமா, கழுவினால் சாம்பல் இறங்குமா என்பதை ஆய்வகத்தில்தான் அறிய முடியும். அதற்குக் கையில் கரி வேண்டும்.

ஜூன் 9

சாம்பல் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். விரிவாகவே எழுதுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதி, இந்தியா தென்கண்டங்களோடு ஒட்டியிருந்த கோண்டுவானா காலத்தது, ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுப் பழமை. அதன் கதை பனியில் தொடங்குகிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் களிமண்ணுக்குள் பெரும் பாறாங்கற்கள் பொதிந்து கிடக்கும் அடுக்கு ஒன்று உண்டு. ஓடும் நீர் அவ்வளவு பெரிய கல்லையும் மென்களியையும் ஒன்றாகக் கொண்டுவந்து போடாது. பனியாறு போடும். 1856இலேயே பிளான்ஃபோர்டு சகோதரர்கள் அதைப் பனியின் வேலை என்று சொன்னார்கள். இந்தியாவில் பனியாறா என்று அன்று யார் நம்பியிருப்பார்கள்! அந்தப் பனி உருகிய பின் ஆற்றுப் படுகைகளில் காடு வளர்ந்தது. குளோசாப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலை. களிப்பாறையைப் பிளந்தால் நரம்போடு தெரியும். முதல் முறை பார்த்தபோது அன்று காலை உதிர்ந்த இலை என்றே நினைத்தேன்.

அந்தத் தாவரங்கள் விழுந்த இடத்திலேயே அமைதியாக மட்கிக் கரியாகவில்லை, பெரும்பகுதி ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் படிந்தது என்பது பலரின் விளக்கம். வெள்ளம் இலையோடு சேற்றையும் கொண்டுவரும். அந்தச் சேறுதான் இன்று சாம்பல். நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று சாம்பல் வருவது இங்கே சாதாரணம். கழுவினால் போகாதா என்றால், கரியின் நெய்யலிலேயே அந்தச் சேறு ஊறியிருக்கிறது, எளிதில் பிரியாது.

நாட்டில் 36,000 கோடி டன் நிலக்கரி இருக்கிறது என்று படித்துவிட்டு ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். 2022 கணக்கு அது, உண்மையான எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் மூன்று வகை இருக்கிறது. நெருக்கமாக, ஏறத்தாழ 400 மீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு உறுதி செய்தது, தள்ளித் தள்ளிப் போட்ட துளைகளால் சுட்டப்பட்டது, இன்னும் தூரத்தில் ஊகித்தது. மூன்றையும் கூட்டி வருவது அந்தப் பெரிய எண். இத்தனைக்கும் தோண்டி எடுக்கக் கட்டுபடியாகும் அளவு அதில் பாதியிலும் குறையலாம். ஆழம், தீ, மேலே இருக்கும் ஊர், ஆறு எல்லாவற்றையும் கழிக்க வேண்டும்.

ஜூன் 10

தீ என்று எழுதியதும் ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயல் பற்றிக் கேட்டார்கள். ஆம், 1916 முதல் அங்கே நிலத்தடியில் நெருப்பு பதிவாகியிருக்கிறது. நாட்டின் முதல்தரக் கோக் நிலக்கரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, எரிவதும் அங்கேதான். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் எழுத வேண்டிய கதை அது.

ஜாரியாவில் நான் பார்த்த வேறொன்றைச் சொல்கிறேன். கரி அடுக்குகளுக்குள் உருகிய பாறைக்குழம்பு பல காலத்துக்கு முன் சுவர்போலச் செங்குத்தாகவும் பலகைபோலக் கிடையாகவும் புகுந்திருக்கிறது. அது பட்ட இடத்தில் கரி வெந்து, ஓட்டை ஓட்டையாக, கல் மாதிரி ஆகிவிட்டது. அங்குள்ளவர்கள் அதை ஜாமா என்பார்கள். செங்குத்துச் சுவரின் அகலம் மூன்று நான்கு மீட்டர்தான். நம் துளைகளும் செங்குத்து, ஒன்றுக்கொன்று 400 மீட்டர் தள்ளி. இரண்டு துளைக்கு நடுவில் அந்தச் சுவர் நின்றால் எந்தத் துளையும் அதைத் தொடாது. வரைபடத்தில் கரி அடுக்கு அழகாக நீண்டு ஓடும். சுரங்கம் போய் முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும். அதனால் நிலத்தின் மேலே காந்தமானியோடு நடக்க வேண்டும். அந்தக் கரும்பாறைச் சுவரில் காந்தத்தன்மை கூடுதல், நடக்கும்போது ஊசி சொல்லிவிடும்.

ஆகவே முதல் நாள் கேள்விக்கு இன்னொரு பதில்: துளை மட்டும் போதாது.

ஜூன் 13

செம்புக்கு வருகிறேன். "செம்பும் அடுக்கடுக்காகத்தான் இருக்குமா?" இல்லை. நிலக்கரி தோசைபோலப் பரந்து கிடக்கும். செம்பு பெரும்பாலும் பாறை கிழிந்த இடத்தில், வெடிப்புகளில், சாய்ந்த பட்டைகளில் ஒளிந்திருக்கும். ஒரு டன் பாறையில் பத்து கிலோ செம்பு இருந்தால் இங்கே நல்ல தாது. நூற்றுக்கு ஒன்று. மீதி 99 பங்கையும் வெட்டி, உடைத்து, அரைத்து, மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும்.

துப்பு கொடுப்பது யார்? பெரும்பாலும் நமக்கு முன்னால் இருந்தவர்கள். ஜார்க்கண்டின் சிங்பூமிலும் ராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்டிலும் பழங்காலத்தார் வெட்டிய குழிகளும் உருக்கிப்போட்ட கசடுக் குவியல்களும் இருந்தன. பெயர் தெரியாத அந்த மனிதர்கள் பச்சைக் கறை படிந்த பாறையைப் பார்த்தே தோண்டியிருக்கிறார்கள். செம்புத் தாது மழையிலும் காற்றிலும் வெந்து மலக்கைட் என்ற பச்சையாகும். கூடவே இருக்கும் இரும்பு துருப்பிடித்துச் செம்பழுப்பு ஓடுபோல மேலே நிற்கும். அந்தத் துரு ஓட்டைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஜூன் 13, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் என் மிகப் பெரிய ஏமாற்றத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஆரவல்லிப் பகுதியில் மின்முறை ஆய்வு நடந்தது. தரையில் மின்சாரம் செலுத்தி நிறுத்தினால், சல்ஃபைடு தாதுத் துகள்கள் சற்று நேரம் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். அந்தத் தாமதத்தை அளக்க வேண்டும். எங்களுக்கு வந்த வரைபடத்தில் 600 மீட்டர் நீளத்துக்குச் சிவப்புத் திட்டு, அந்தத் தாமதம் கூடிய இடம். மேலே கொஞ்சம் துரு ஓடும் இருந்தது. முகாமில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தோம். சாய்வாகத் துளை போட்டோம். 140 மீட்டரில் கோர் கறுப்பாக, வழவழப்பாக வந்தது. தொட்டால் விரலில் பென்சில் கறை. கிராஃபைட். அதுவும் மின்னூட்டத்தைப் பிடிக்கும். நடுநடுவே மஞ்சளாக மின்னிய துகளைக் கத்தியால் கீறினேன், கீறவில்லை. செம்புத் தாதுவான சால்கோபைரைட்டைக் கத்தி கீறும்; இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டைக் கீறாது. முழுக்கப் பைரைட்.

இரண்டாவது துளையும் அதேதான். மூன்றாவது போட வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. இன்று யோசித்தால், அது நான் எழுதிய நல்ல அறிக்கைகளில் ஒன்று. அங்கே இனி யாரும் அந்தத் திட்டை நம்பிப் பணம் போட வேண்டியதில்லை.

ஜூன் 15

நேற்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார்: "கோட்பாடு தவறினால் தாதுவும் கிடைக்காது என்கிறீர்களா?" அப்படிச் சொல்லவில்லை. எதிர்மாறான கதை ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது.

தென் ஆஸ்திரேலியாவில் ஒலிம்பிக் டேம். மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த 1956இல் கால்நடைகளுக்காக வெட்டிய ஒரு குட்டையின் பெயர் அது. மேலே சமவெளி, பச்சைக் கறையோ துரு ஓடோ எதுவும் இல்லை. வெஸ்டர்ன் மைனிங் நிறுவனத்தின் புவியியலாளர்கள், ஆழத்தில் எரிமலைப் பாறை வெந்து செம்பை வெளிவிட்டிருக்கும், அது மேலிருக்கும் படிவுப் பாறையில் தங்கியிருக்கும் என்று கணித்தார்கள். காந்தப்புலமும் புவியீர்ப்பும் ஒரே இடத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்து 1975இல் அங்கே முதல் துளையைப் போட்டார்கள். 350 மீட்டர் வெறும் பாறையைக் கடந்த பிறகு செம்பு. 38 மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த பாறை அங்கே இல்லை! தாது இருந்தது உடைந்து நொறுங்கிய கிரானைட்டில், இரும்பு ஆக்சைடோடு கலந்து. அடுத்த சில துளைகளில் சொல்லும்படி எதுவும் இல்லை. 1976 நவம்பரில் பத்தாவது துளை 170 மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் செம்பைக் காட்டியது. உலகின் மிகப் பெரிய செம்புப் படிவுகளில் ஒன்று, யுரேனியமும் தங்கமும் சேர்ந்து.

கோட்பாடு தவறு, இடம் சரி. இதில் என்னை உலுக்குவது இரண்டாம் துளைக்கும் பத்தாம் துளைக்கும் நடுவில் இருந்த மாதங்கள். நான் அங்கே இருந்திருந்தால் நான்காம் துளையோடு நிறுத்தச் சொல்லியிருப்பேனோ? ஆரவல்லியில் மூன்றாவது துளையை நிறுத்தியவன் நான். அங்கே கிராஃபைட் என்ற விளக்கம் கையில் இருந்தது. இங்கே முதல் துளையின் செம்புக்கு விளக்கமே இல்லை. விளக்கம் கிடைக்காதவரை நிறுத்தக்கூடாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நேற்று இந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகவில்லை.

ஜூன் 16

முதல் கேள்வியில் இருந்த செயற்கைக்கோளுக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். நியாயம். சிலியின் அடகாமா போன்ற மொட்டைப் பாலைவனத்தில், செம்புப் படிவைச் சுற்றி வெந்நீரால் மாறிய களிக் கனிமங்களை விண்ணிலிருந்து தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். 1999இல் செயற்கைக்கோளில் போன ஆஸ்டர் கருவியின் படங்களை நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது பார்ப்பது தோலை. மேலே ஓரடி மண்ணும் மரமும் இருந்தால் அதற்குப் பாறை தெரியாது. ஒலிம்பிக் டேமின் 350 மீட்டரைப் பற்றி அது என்ன சொல்லும்?

ஜூன் 18

ஒரு சின்னக் கணக்கு, பங்குச் சந்தையில் பணம் போடும் நண்பருக்கு. "இருபது மீட்டர் செம்பு வெட்டியிருக்கிறோம்" என்று அறிவிப்பு வந்தால், துளை தாதுப் பட்டையை எந்தக் கோணத்தில் வெட்டியது என்று கேளுங்கள். முப்பது பாகையில் சாய்வாக வெட்டினால் கோரில் இருபது, உண்மையான கனம் பத்து. வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை பெரிதாகத் தெரிவது போல. துளையும் ஆழத்தில் நேராகப் போகாது, வளையும்.

ஜூன் 19

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

பல ஆண்டுகள் கழித்து, நான் முதலில் வேலை பார்த்த பகுதிக்கு வேறொரு பணியாகப் போனேன். பழைய கோர்க் கொட்டகையைப் பார்க்க ஆசை. கூரை பாதி இல்லை. மரப்பெட்டிகளைக் கரையான் தின்றிருந்தது. கோர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து குவியலாகக் கிடந்தன. ஆழம் எழுதிய கட்டைகள் எங்கோ போயிருந்தன. எந்தத் துளை, எந்த ஆழம் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. "தாது இருந்த பெட்டிகளை எடுத்துப் பத்திரப்படுத்தினோம், வெறும் பெட்டிகளைத்தான் விட்டோம்" என்றார் பொறுப்பிலிருந்தவர். அதே இடத்தில் புதிதாகத் துளை போட அப்போது திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது.

வெறும் பெட்டி என்று ஒன்று இல்லை, ஐயா! இல்லை என்று காட்டிய ஒவ்வொரு துளைக்கும் மனிதர்கள் ஒரு மாதம் வெயிலில் நின்றிருக்கிறார்கள். நீர் ஏற்ற மலையடிவாரம் வரை குழாய் சுமந்த கலாசிகள், இரவு முறையில் கம்பி பிடித்தவர்கள். 1846இல் நிலக்கரி தேடுவதற்காகவே இங்கே வந்த டேவிட் வில்லியம்ஸ் இரண்டே ஆண்டுகளில் காய்ச்சலில் செத்தார். 1851இல் தாமஸ் ஓல்டாம் வந்த பிறகுதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலைபெற்றது. அவர்கள் வரைந்த வரைபடங்களை நான் கையில் வைத்து நடந்திருக்கிறேன். அவர்கள் காகிதத்தைக் காப்பாற்றினார்கள். நாம் கல்லைக்கூடக் காப்பாற்றவில்லை.

ஜூன் 20

முதுகலைப் புவியியல் சேர்ந்திருக்கும் தம்பி முதலில் என்ன வாங்குவது என்று கேட்கிறார். பத்து மடங்கு கை லென்ஸ், நல்ல எஃகுக் கத்தி, சொட்டுக் குப்பியில் நீர்த்த அமிலம். மலக்கைட்டில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், பச்சையாக இருக்கும் வேறு பல கனிமங்கள் நுரைக்காது. பேனா வேண்டாம், பென்சில். மை மழையில் கரையும். கோர் பெட்டியின் மூடியில் மட்டும் எழுதாதீர்கள், பெட்டியின் பக்கத்திலும் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். மிஸ்திரியின் பதிவேட்டை உங்கள் பதிவேட்டுக்கு முன் படியுங்கள்.

ஜூன் 22

பரணில் குறிப்பேடு கிடைத்தது. ஜூன் 6இல் எழுதிய அளவில் பிழை. அந்த இழுப்பில் வந்த கோர் 1.10 மீட்டர் இல்லை, 1.05. அதாவது 37 விழுக்காடு இல்லை, 35. அடர்த்தி அளவு 2.60 சரிதான். ஓரத்தில் என் கையெழுத்தில், பிற்பாடு சேர்த்தது போல ஒரு வரி: "திரும்பிய நீர் கறுப்பு, 45 நிமிடம், மிஸ்திரி சொன்னது."